ஹத்தான் தோரா: சொல் விளக்கம்

யூதத் தொழுகைக்கூடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு பேரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டு மேடையேற்றுவார்கள். அன்றைக்கு இருவருக்கும் கல்யாணம் கிடையாது. பேரன் பேத்தி எடுத்தவர்களாகக்கூட இருக்கலாம். சபைத் தலைவராகப் பல காலம் இருந்தவர், வரவு செலவைப் பார்த்தவர், வாராவாரம் வேதம் வாசிப்பவர், இறந்தவர்களைக் குளிப்பாட்டி வெள்ளாடை உடுத்தும் குழுவில் காசு வாங்காமல் உழைத்தவர் என்று பொதுக்காரியத்துக்கு நேரம் கொடுத்தவர்களாகப் பார்த்து அந்தப் பெயரைத் தருவது பல சபைகளில் வழக்கம். ஒருவருக்கு 'ஹத்தான் தோரா', மற்றவருக்கு 'ஹத்தான் பெரேஷித்'. ஆங்கிலத்தில் எழுதும்போது 'கௌரவிக்கப்படுகிறவர்கள்' என்ற பொருளில் ஒரு தட்டையான சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அதைத் தமிழாக்குகிறவர்கள் 'விருதாளர்' என்று எழுதிவிட்டால் உள்ளே இருக்கும் கதை முழுக்கப் போய்விடும்.

முதலில் நாளைச் சொல்லிவிடுகிறேன். தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். அதை 54 பகுதிகளாகப் பிரித்து, ஓய்வுநாள்தோறும் வாசித்து ஓராண்டில் முடிப்பார்கள். முடிக்கும் நாள்தான் சிம்ஹத் தோரா, 'தோராவின் மகிழ்ச்சி'. எபிரேய நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 23ஆம் நாள், இஸ்ரேலில் 22ஆம் நாள். நம் கணக்கில் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். சுருள்களைப் பேழையிலிருந்து எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏழு சுற்று ஆடிப்பாடி வருவார்கள். பிறகு ஐந்தாவது நூலான உபாகமத்தின் கடைசிப் பகுதி வாசிக்கப்படும். மோசே இறந்துபோகும் அந்த முடிவுக்கு அழைக்கப்படுகிறவர் ஹத்தான் தோரா. அது முடிந்த கையோடு இன்னொரு சுருளை விரித்து, "ஆதியிலே" என்று முதல் நூலான ஆதியாகமத்தை ஆரம்பிப்பார்கள். அதற்கு அழைக்கப்படுகிறவர் ஹத்தான் பெரேஷித். 'பெரேஷித்' என்றால் 'ஆதியிலே' என்றே பொருள்.

ஏன் உடனே ஆரம்பிக்க வேண்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளக் கூடாதா? 14ஆம் நூற்றாண்டின் 'தூர்' என்ற சட்டநூல் அழகாகப் பதில் சொல்கிறது: முடித்துவிட்டார்கள், இனி வாசிக்க மனமில்லை என்று சாத்தான் குற்றஞ்சாட்ட இடம் கொடுக்கக் கூடாதாம்.

சாத்தான் என்றதும் எழுத்துப்பெயர்ப்புப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தச் சொல்லின் முதல் எழுத்து தொண்டையில் உரசி வரும் 'ஹெத்'. ஆங்கிலத்தில் அதற்கு எழுதும் எழுத்துகளை அப்படியே பார்த்துத் தமிழில் போட்டால் 'சத்தான்' என்று வரும். ஒரு கால் கூடினால் சபையின் பெரிய மனிதர் வேறு ஆளாகிவிடுவார். 'ஹத்தான்' என்று எழுதுவதே பாதுகாப்பு.

சரி, சொல்லுக்கு வருவோம். எபிரேயத்தில் ஹத்தான் என்றால் மணமகன். மருமகன் என்றும் பொருள் உண்டு. ஹெத், தாவ், நூன் என்ற மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்தது. கல்யாணத்தால் வரும் உறவு முழுவதும் அந்த வேரில் அடங்கும். அதே வேரில் 'ஹொத்தேன்' என்றால் மாமனார். மோசேயின் மாமனார் எத்திரோவை விவிலியம் இப்படித்தான் குறிப்பிடுகிறது. யாத்திராகமம் 4ஆம் அதிகாரத்தில் மோசேயின் மனைவி சிப்போராள் சொல்லும் 'ஹத்தான் தாமீம்' என்ற புதிரான தொடரைத் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு "இரத்தசம்பந்தமான புருஷன்" என்று தருகிறது. சம்பந்தம், சம்பந்தி என்று நாம் கல்யாண உறவுக்கு வைத்திருக்கும் சொல் அங்கே வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் வேதத்தை வாசித்து முடிக்கிறவர் எப்படி மணமகன் ஆனார்? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்வது: முதலில் அது ஹத்தானே இல்லை, 'ஹத்தாம்'. ஹெத், தாவ், மேம் என்ற வேருக்கு முத்திரையிடுதல், முடித்தல் என்று பொருள். தோராவை முடித்துவைக்கிறவர் 'ஹத்தாம் தோரா'. கடைசி எழுத்து மகரம் னகரமாக மாறி, முடிப்பவர் மணமகனாகிவிட்டார். இந்த வேரின் அரபு உடன்பிறப்பு தமிழ்நாட்டில் நன்றாகவே புழங்குகிறது. குர்ஆனை முழுதாக ஓதி முடிப்பதைத் தமிழ் முஸ்லிம்கள் 'கத்தம்' என்பார்களே, அதேதான்.

இன்னொன்று மரபு சொல்லும் பதில். உபாகமம் 33:4இல் "மோசே நமக்கு ஒரு நியாயப்பிரமாணத்தைக் கற்பித்தான்; அது யாக்கோபின் சபைக்குச் சுதந்தரமாயிற்று" என்று வரும். (இங்கே நியாயப்பிரமாணம் என்பது தோராதான்; சுதந்தரம் என்பது விடுதலை இல்லை, பரம்பரைச் சொத்து.) அந்தச் சொத்துக்கு எபிரேயம் 'மொராஷா'. தல்மூத் என்னும் பழைய யூத விளக்கத் தொகுப்பின் அறிஞர்கள் அதை "மொராஷா என்று படிக்காதே, மெயோராஸா என்று படி" என்றார்கள். மெயோராஸா என்றால் நிச்சயிக்கப்பட்ட பெண். ஆக, தோரா மணப்பெண். இஸ்ரயேல் அவளுக்கு நிச்சயித்த மணமகன். இந்த வசனம் சிம்ஹத் தோரா அன்று வாசிக்கும் அதே பகுதியில் இருக்கிறது. எழுத்து மாறிய கதைதான் வரலாறாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனாலும் மாறிய சொல் அப்படியே நிலைத்துப்போனதற்கு, மணப்பெண் என்ற இந்தப் படிமம் ஏற்கனவே தயாராகக் காத்திருந்ததுதான் காரணம்.

அழைக்கும் விதமும் கல்யாணக் களைதான். மற்ற வாரங்களில் 'அலியா' என்னும் அழைப்பு, அதாவது மேடைக்கு 'ஏறுதல்', சுருக்கமாக முடிந்துவிடும்; இன்னாரின் மகன் இன்னார் எழுந்து வருக என்றால் போதும். சிம்ஹத் தோராவில் ஒரு நீண்ட பாட்டே உண்டு. மகத்தான இறைவனின் அனுமதியோடும், பரிசுத்த தோராவின் அனுமதியோடும், கூடியிருக்கும் பெரியோரின் அனுமதியோடும் என்று அடுக்கிக்கொண்டே போய், "எழுந்திரும், எழுந்திரும், எழுந்திரும்" என்று மூன்று தரம் சொல்லி, பெயரோடு 'ஹத்தான் ஹத்தோரா' என்று முடியும். ஹத்தான் தோரா போவதற்குச் சற்று முன்னால், ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே ஜெபச்சால்வையின் கீழ் நிறுத்தி ஓர் அலியா கொடுப்பதும் உண்டு. அன்றைய தினம் பார்க்க மிக அழகான காட்சி அதுதான்.

நம் ஊர் மாப்பிள்ளைக்கும் இந்த மாப்பிள்ளைக்கும் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே விருந்து வைப்பது பெண் வீட்டார் இல்லை, மாப்பிள்ளையே. போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்து 1572இல் இறந்த யூதச் சட்ட அறிஞர் மோசே இஸ்ஸர்லிஸ், தோராவை முடிக்கிறவரும் ஆதியாகமத்தைத் தொடங்குகிறவரும் சபைக்குக் காணிக்கை நேர்ந்து மற்றவர்களை விருந்துக்கு அழைக்கும் வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். இந்த இடங்களை ஏலம் விட்டுப் பணத்தைத் தொழுகைக்கூடச் செலவுக்கு வைத்துக்கொண்ட சபைகளும் உண்டு. ஆக, மாப்பிள்ளை முறுக்குக் காட்ட வழியே இல்லை. உழைத்தவரைக் கூப்பிட்டு மரியாதை செய்து, அந்த மரியாதைக்கு அவரையே செலவழிக்க வைக்கிற ஏற்பாடு இது. கேட்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஆனால் நம் கோயில் திருவிழா மண்டகப்படியும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குதானே.

பொறுப்பையும் மரியாதையையும் மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு பிரபலமான கதை இருக்கிறது. 1701இல் கட்டிமுடித்த பெவிஸ் மார்க்ஸ் தொழுகைக்கூடம், 1813இல் எழுத்தாளர் ஐசக் டிஸ்ரேலியைப் 'பர்னாஸ்' ஆகத் தேர்ந்தெடுத்தது. பர்னாஸ் என்றால் சபையின் நிர்வாகத் தலைவர். அவர் மாட்டேன் என்றார். சபை 40 பவுன் அபராதம் போட்டது. அவர் அதையும் கட்டவில்லை. இழுபறி முற்றி 1817இல் சபையை விட்டே விலகினார். அதே ஆண்டு அவருடைய பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. அவர்களில் 12 வயதான பெஞ்சமின், 1837இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, 1868இல் பிரதமரும் ஆனார். யூத மதத்தில் இருந்துகொண்டே மக்களவையில் உட்கார 1858 வரை வழியில்லை என்பதை நினைத்தால், அந்த 40 பவுன் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும்.

வாராந்தர மரியாதையும் ஒன்று உண்டு. ஓய்வுநாள் காலையில், தொழுகைக்கூடத்துக்கு விளக்கு தருகிறவர்கள், திராட்சரசம் தருகிறவர்கள், வழிப்போக்கருக்கு அப்பம் தருகிறவர்கள், ஏழைகளுக்குத் தருமம் செய்கிறவர்கள், "பொதுக்காரியத்தில் உண்மையோடு ஈடுபடுகிறவர்கள்" எல்லாருக்கும் ஆசி கேட்கும் மன்றாட்டு வரும். அதில் யாருடைய பெயரும் வராது. பெயர் சொல்லி அழைக்கும் அந்த ஒரு நாளுக்கு இவ்வளவு ஆரவாரம் ஏன் என்பது இதைக் கேட்டால் புரியும்.

இனித் தமிழ்ச் சொல். 'தோரா மணவாளன்' என்று எழுதலாம். சங்கீதம் 19இல் சூரியன் "தன் மணவறையிலிருந்து புறப்படுகிற மணவாளனைப்போல" வருகிறது என்ற இடத்தில் எபிரேய மூலத்தில் இருப்பது ஹத்தான்தான். ஆகவே தமிழ் வேதாகமமே அந்தச் சொல்லை நமக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் பொருள் அளவில் அச்சாகப் பொருந்துவது 'மாப்பிள்ளை'. மணமகன், மருமகன் என்ற இரண்டையும் ஒரே சொல்லில் சொல்வது தமிழில் அதுதான், ஹத்தானும் அப்படியே. இன்னொரு நியாயமும் இருக்கிறது. கேரளத்தில் முஸ்லிம்களை ஜோனக மாப்பிள என்றும், சிரியன் கிறிஸ்தவர்களை நஸ்ராணி மாப்பிள என்றும் சொன்னதுபோல யூதர்களை 'யூத மாப்பிள' என்றே சொன்னார்கள். வெளியிலிருந்து வந்து இங்கே பெண்ணெடுத்ததால் வந்த பெயர் என்பார்கள். வெறும் மரியாதைப் பட்டம் என்றும் சொல்வார்கள். அந்த யூதர்களின் தலைவருக்குக் கொச்சி அரசர் கொடுத்த பட்டம் முதலியார். 1568இல் கட்டிய கொச்சிப் பரதேசித் தொழுகைக்கூடத்தில், சிம்ஹத் தோரா அன்று சுருள்களைக் கட்டடத்துக்கு வெளியேயும் எடுத்துச் சுற்றி வருவது வழக்கமாக இருந்தது.

என் பரிந்துரை: கட்டுரைகளில் முதல் முறை 'ஹத்தான் தோரா' என்று எழுதி, பக்கத்தில் 'தோரா மணவாளன்' என்று விளக்குங்கள். பேச்சு நடையில் எழுதினால் 'தோரா மாப்பிள்ளை' என்பதற்கு அஞ்ச வேண்டாம். 'தோரா'வை நியாயப்பிரமாணம் என்று மாற்றுவது இங்கே ஒட்டாது. அதன் வேர் கற்பித்தல், வழிகாட்டுதல் என்ற பொருள் கொண்டது. நியாயப்பிரமாணத்தை யாரும் கல்யாணம் செய்துகொள்ள மாட்டார்கள்.

பெண்களுக்கும் இந்த இடத்தைத் தரும் சபைகளில் 'கல்லத் தோரா' என்பார்கள். 'கல்லா' என்றால் மணமகளும் மருமகளும். மாப்பிள்ளைக்கு இணையாக இரண்டையும் தாங்கும் பெண்பாற்சொல் தமிழில் இல்லை. வேதாகமத் தமிழ் தரும் 'மணவாட்டி'யே போதும்.

கடைசியாக ஒன்று. இன்றைய எபிரேயத்தில் ஹத்தான் எங்கேயும் வரும். பார் மிட்ஸ்வா என்னும் பருவச் சடங்கைக் கொண்டாடும் 13 வயதுப் பையனும் ஹத்தான்தான். விவிலிய வினாடிவினாவில் வெல்கிறவர் 'ஹத்தான் தனாக்'. 1966இல் இலக்கிய நோபல் பெற்ற அக்னோன் 'ஹத்தான் பிராஸ் நோபல்', 2009இல் வேதியியலுக்குப் பெற்ற அதா யோனத் 'கல்லத் பிராஸ் நோபல்'. அங்கெல்லாம் மணவாளன், மணவாட்டி என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். 'நோபல் பரிசு பெற்றவர்' என்று மட்டும் எழுதுங்கள்.