வளைவிட்டு வளை தாவும் பிளேக்

பிளேக் நோய் ஒரு சிற்றூரிலிருந்து அடுத்த சிற்றூருக்குப் பரவியது என்றால், நோயுற்ற எலி ஒன்று வயல்களைக் கடந்து அங்கே ஓடிச் சேர்ந்திருக்கும் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் எலி அவ்வளவு தொலைவு செல்லும் விலங்கன்று. வயலோரத்திலும் வீட்டுக் கூரையிலும் வாழும் கருப்பு எலி, இரையும் மறைவிடமும் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை, தன் வளையைச் சுற்றியுள்ள சிறிய பரப்புக்குள்ளேயே பெரும்பாலான இரவுகளைக் கழித்துவிடுகிறது. நோய் முற்றிய எலியோ நடமாட்டம் குறைந்து சுருண்டு கிடக்கும். அப்படியிருந்தும் நோய் மலைகளையும் சமவெளிகளையும் கடக்கிறது. ஒவ்வோர் எலியும் நடமாடும் சிறு பரப்பு, அண்டை எலியின் பரப்போடு எங்கேனும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. அந்த இடத்தில், நோயைச் சுமக்கும் தெள்ளுப்பூச்சி ஓர் எலியைவிட்டு மற்றோர் எலிக்கு மாறுகிறது.

பிளேக்கை உண்டாக்கும் எர்சினியா பெஸ்டிஸ் என்னும் பாக்டீரியாவை 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சின் கண்டறிந்தார். அதை எலியிடமிருந்து எலிக்குக் கொண்டு செல்வது தெள்ளுப்பூச்சியே என்பதை 1898இல் பால்-லூயி சிமோன் எடுத்துக்காட்டினார். நோயுற்ற எலியின் இரத்தத்தைக் குடித்த தெள்ளுப்பூச்சியின் முன்குடலில் பாக்டீரியாக்கள் பெருகி, பிசின்போல் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடக்கூடும். குடித்த இரத்தம் வயிற்றுக்குள் இறங்காததால் அந்தப் பூச்சி தீராப் பசியோடு மீண்டும் மீண்டும் கடிக்கிறது. உறிஞ்சிய இரத்தம் பாக்டீரியாவோடு கடிவாய்க்குள்ளேயே திரும்புகிறது. எலி செத்து உடல் குளிர்ந்ததும் பூச்சிகள் அதைவிட்டு இறங்கி, சூடுள்ள அடுத்த உடலைத் தேடுகின்றன. எலி நடமாட்டத்தின் முழுப் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. சொந்தக்காரர் செத்துப்போன வளை வெறும் வளையன்று. குளிர்ச்சியும் ஈரப்பதமும் உள்ள அதன் அடியில் பசித்த தெள்ளுப்பூச்சிகள் பல வாரங்கள்கூட உயிரோடிருக்கும். தாயிடமிருந்து பிரிந்து இருப்பிடம் தேடி அலையும் இளம் எலி, ஆளில்லாத அந்த வளைக்குள் நுழைந்தால், நோயுற்ற எலியை ஒருமுறைகூடச் சந்திக்காமலேயே நோயைப் பெற்றுவிடுகிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் கஜகஸ்தானின் பாலைநிலம். அங்கே பெரிய ஜெர்பில் என்னும் கொறிவிலங்கு குடும்பம் குடும்பமாக வளைத் தொகுதிகளில் வாழ்கிறது. அத்தொகுதிகள் செயற்கைக்கோள் படங்களிலும் புள்ளிகளாகத் தெரியும் அளவுக்குப் பெரியவை. பல பத்தாண்டுகளாகத் திரட்டப்பட்ட கணக்குகளை ஆராய்ந்தவர்கள் ஒரு வரம்பைக் கண்டார்கள். குடியிருப்புள்ள வளைகளின் விகிதம் அவ்வரம்புக்குக் கீழே இருக்கும்போது, ஒரு குடும்பத்துக்கு வந்த நோய் அக்கம்பக்கத்தோடு அடங்கிவிடுகிறது. வரம்பைத் தாண்டினால், அண்டைக் குடும்பங்களுக்கு இடையிலான சிறு போக்குவரத்தே நிலப்பரப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அறுபடாத சங்கிலியாகிவிடுகிறது. எந்தத் தனி விலங்கும் முன்பைவிடக் கூடுதலாக நடப்பதில்லை. இடைவெளிகள் நிரம்பிவிடுகின்றன, அவ்வளவே. எத்தனை விலங்குகள் உள்ளன என்று எண்ணுவதைவிட, அவற்றின் இருப்பிடங்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று பார்ப்பதே முதன்மையானது என நான் கருதுவது இதனால்தான்.

பாலைநிலத்தில் மனிதர் குறைவு. வேளாண் ஊர்களில் அதே சங்கிலியின் கடைசிக் கண்ணி வீட்டுக்குள் வந்து முடிகிறது. மடகாஸ்கரின் நடு மேட்டுநிலத்தில், பெரும்பாலும் 800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், பிளேக் ஏறக்குறைய ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை தலைகாட்டுகிறது. நெல்வயல், வேலியாக வளர்க்கப்படும் கற்றாழைப் புதர், வீடு ஆகிய மூன்றுக்கும் இடையே அங்குள்ள கருப்பு எலி இரையைப் பின்தொடர்ந்து இடம் மாறுகிறது. வெளியே ஒருவகைத் தெள்ளுப்பூச்சி, வீட்டுக்குள் வேறொருவகை. இரண்டு உலகங்களையும் தைத்து இணைக்கும் ஊசி எலிதான். நோய்ப் பருவம் தொடங்குவது எலிகள் பெருகியிருக்கும் காலத்தில் அன்று, குறைந்திருக்கும் காலத்தில் என்பது முதலில் வியப்பளிக்கும். எலிகள் குறையும்போது, எஞ்சியவை ஒவ்வொன்றின்மேலும் பூச்சிகள் கூடிவிடுகின்றன. இடமில்லாத பூச்சிகள் மனிதரையும் கடிக்கின்றன. அப்பகுதி எலிகள் பலவற்றுக்குத் தலைமுறைகளாக நோய் எதிர்ப்பு வளர்ந்திருப்பதால், சாகாத எலி தொடர்ந்து நடமாடுவதும் அங்கே நோய் மறையாததற்கு ஒரு காரணம்.

ஆகவே வீடுகளில் எலிகள் காரணமின்றிச் செத்து விழத் தொடங்கினால், உடனே பொறி வைத்தும் நஞ்சு வைத்தும் எஞ்சியவற்றைக் கொல்ல முனைவது ஆபத்தானது. கொல்லப்படும் ஒவ்வோர் எலியும் தன் பூச்சிகளை வீட்டுத் தரையில் இறக்கிவிட்டுச் செல்லும். முதலில் தெள்ளுப்பூச்சியை ஒழிக்க வேண்டும், பிறகே எலியை. அதற்கு எலியின் நடமாட்டமே துணையாகிறது: இரையும் பூச்சிக்கொல்லித் தூளும் வைத்த சிறு பெட்டிகளை எலி போகும் தடங்களில் வைக்கிறார்கள். இரைக்காக நுழையும் எலி தன் மயிரில் தூளைப் பூசிக்கொண்டு, மனிதக் கை எட்டாத வளையின் அடிவரை, பூச்சிகள் காத்திருக்கும் கூட்டுக்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.