குலசேகரம் ஷீட்டுக்கும் கோட்டயம் விலைக்கும் நடுவே

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் விற்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது கோட்டயத்தில் நாலாம் தர ஷீட்டுக்கு இன்று என்ன விலை என்பதைத்தான். கடைக்காரர் அதில் கொஞ்சம் கழித்துத் தன் விலையைச் சொல்வார். சரி, இந்த இரண்டு விலைகளும் உண்மையிலேயே பிணைந்தவையா, தற்செயலாக ஒரே பக்கம் போகின்றனவா?

இதில் ஏமாறுவது எளிது. இங்கிலாந்தில் மொத்தத் திருமணங்களில் தேவாலயத்தில் நடந்தவற்றின் பங்கும் இறப்பு விகிதமும் 0.95 அளவுக்கு (1 என்றால் முழுப் பொருத்தம்) ஒத்துப்போவதை 1926இல் புள்ளியியலாளர் யூல் காட்டினார். தேவாலயத்தில் தாலி கட்டினால் ஆயுசு குறையுமா என்ன? இரண்டும் பல வருடங்களாக இறங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். விலைகளுக்கும் இந்தக் குணம் உண்டு. நேற்றைய விலைமேல் இன்றைய அதிர்ச்சி ஏறி உட்காரும். பழைய சராசரிக்குத் திரும்பியே ஆகவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

1987இல் பொருளியலாளர்கள் எங்கிளும் கிரேஞ்சரும் சொன்ன வழி, விலைகளை விட்டுவிட்டு இடைவெளியைப் பார்ப்பது. குலசேகரத்தில் விலை ரொம்பவும் இறங்கினால் யாராவது ஷீட்டை வண்டியில் ஏற்றிக் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டிவிடுவார்கள். இங்கே சரக்கு குறையும், விலை ஏறும், இடைவெளி பழையபடி சுருங்கும். விலைகள் எங்கு அலைந்தாலும் இடைவெளி இப்படித் திரும்பி வந்தால் அதுதான் கோஇன்டெக்ரேஷன்.

சோதனை இரண்டு படி. முதலில் ஒரு விலையை இன்னொன்றோடு சேர்த்து நேர்கோடு பொருத்தி, ஒவ்வொரு நாளும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகல் என்று எடுக்கவேண்டும். அப்புறம், நேற்றைய விலகல் பெரிதாக இருந்தால் இன்று அது குறைகிறதா என்று டிக்கி–ஃபுல்லர் என்ற சோதனை முறையில் பார்க்கவேண்டும். அது தரும் எண் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் விலகல் திரும்பி வருகிறது என்று சொல்லலாம்.

பலர் சறுக்குவது இங்கேதான். தவறாகச் சொல்லிவிடும் வாய்ப்பை 5 சதவீதத்தில் நிறுத்தும் எல்லை, நாம் கோடு பொருத்தாத சாதாரணத் தொடருக்குச் சுமார் −2.86, இங்கே அது −3.34. விலகல்கள் ஆகச் சிறியதாக வரும்படி கோட்டை வரைந்தது நாம்தானே! வினாத்தாளைப் பார்த்துவிட்டு எழுதும் பரீட்சைக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்தத்தான் வேண்டும். இரண்டு மாத தினசரி விலையை வைத்துக்கொண்டு அறுபது எண் இருக்கிறதே என்று மகிழ்வதும் வீண். திரும்பிவரும் குணம் தெரிய வருடங்கள் வேண்டும்.

பாங்காக் விலையையும் சேர்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பிணைப்புகள் இருக்கலாம். அதற்கு 1988இல் புள்ளியியலாளர் யோஹான்சன் தந்த முறை உதவும். எனக்குச் சுவாரஸ்யம் அதைவிட, இடைவெளி விரிந்தபின் நகர்ந்து கொடுப்பது யார் என்பதில்தான். அதையும் இதே விலகலை வைத்துத் தனித்தனியாக அளக்கலாம். குலசேகரம் விலையைப் பார்த்துக் கோட்டயம் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை.