'உண்மை' என்ற பொத்தானை எடுத்துவிட்டேன்

தகவல் எது, கருத்து எது என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கும் ஒரு செயலி செய்கிறேன். அதற்கு முதலில் செய்த திரையில் இரண்டே பொத்தான்கள். பச்சையில் 'உண்மை', ஆரஞ்சில் 'கருத்து'. மேலே ஒரு வாக்கியம் வரும், பிள்ளைகள் ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும். பத்துக்கு எட்டு சரியாக இருந்தால் ஒரு நட்சத்திரம். மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்தில் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் படிவம் 2, படிவம் 3 மாணவர்களிடம் (14, 15 வயது) கொடுத்தேன். எல்லாருக்கும் நட்சத்திரம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் தொழில். வார நாள்களில் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் சம்பளத்துக்கு, சனிக்கிழமைகளில் பாலத்தைத் தாண்டிப் போய் சும்மா. அதனால்தானோ என்னவோ, அடுத்த வாரம் நான் தயாரித்த வாக்கியங்களில் பாலமே அதிகம் வந்தது.

"பினாங்குத் தீவைப் பெருநிலத்தோடு மூன்று பாலங்கள் இணைக்கின்றன." இருப்பது இரண்டுதான்: 1985-ல் திறந்தது ஒன்று, 2014-ல் திறந்தது ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் இதற்குக் 'கருத்து' என்று அழுத்தினார்கள். ஏன் என்று ஒரு பையனிடம் கேட்டேன்.

"பொய்தானே அக்கா. உண்மை இல்லைன்னா கருத்துதானே?"

நான் போட்ட திரைப்படி அவன் சொன்னது முழுக்கச் சரி. பொய்யை வைக்க நான் அவனுக்கு இடமே கொடுக்கவில்லை. பள்ளியில் இவர்கள் 'ஃபக்தா' (தகவல்), 'பெண்டாபாட்' (கருத்து) என்று மலாயில் படிக்கிறார்கள். கூட்டாளிகளோடு பேசும்போது 'ஃபக்தாவா, அவுத்தாவா?' என்று கேட்பார்கள், அவுத்தா என்றால் கதை விடுவது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். இது எந்த வகைப் பேச்சு என்பது ஒன்று, அது சரியா தப்பா என்பது இன்னொன்று. தமிழில் 'உண்மை' என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. அதைத் தூக்கிப் பொத்தானில் வைத்து நானே குழப்பிவிட்டேன்.

அதே நாளில் இன்னொரு வாக்கியமும் காலை வாரியது: "ஒரு பாலத்துக்கு 13.5 கிலோமீட்டர் ரொம்பவே அதிகம்." ஏறக்குறைய எல்லாரும் 'உண்மை'. ஏனென்றால் அதில் ஒரு எண் இருக்கிறது. முதல் வாரத்து நட்சத்திரங்களின் ரகசியமும் அப்போதுதான் விளங்கியது. எண் இருந்தால் பச்சை, 'அழகு', 'சிறந்த' இருந்தால் ஆரஞ்சு. பாடநூல் வாக்கியங்களுக்கு அந்தக் குறுக்குவழியே போதும்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறையில்லை. 15 வயது மாணவர்களை நாடு நாடாகச் சோதிக்கும் பீசா தேர்வின் 2018 முடிவுகளில், வெளிப்படையான அடையாளம் இல்லாத இடத்தில் தகவலையும் கருத்தையும் பிரித்தறியும் அளவுக்கு வாசித்தவர்கள், வசதியான நாடுகளில்கூட பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவு.

சரி, பழைய பொத்தான்களை எடுத்தேன். இப்போது மூன்று இருக்கின்றன: 'சரிபார்க்கலாம்', 'ஒருவரின் எண்ணம்', 'கலந்திருக்கிறது'. தேர்ந்தெடுத்த பிறகு, எந்தச் சொல்லை வைத்து அப்படி முடிவு செய்தோம் என்று அந்தச் சொல்லையும் தொட்டுக் காட்ட வேண்டும். இந்த இரண்டாவது படிதான் செயலியின் உயிர் என்று நினைக்கிறேன். நட்சத்திரம் போய்விட்டது, பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு மாணவி தன் குடும்ப வாட்சாப் குழுவில் (தமிழாசிரியர் பக்கத்தில் இருந்தால் புலனக் குழு) வந்த ஒரு வரியைக் கொண்டுவந்தாள்: "என் அனுபவத்தில் பப்பாளி இலைச் சாறுதான் டெங்கிக்குச் சிறந்த மருந்து, இரண்டே நாளில் குணம்." முதலில் 'எண்ணம்' என்று அழுத்திவிட்டு, 'என் அனுபவத்தில்' என்பதைத் தொட்டாள். பிறகு 'சிறந்த', அதன் பிறகு 'தான்'. 'குணம்' என்ற சொல்லில் விரல் நின்றுவிட்டது. "இது மட்டும் பார்க்கலாம் அக்கா" என்று 'கலந்திருக்கிறது' என மாற்றினாள். அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை சனிக்கிழமை வேண்டுமானாலும் பாலம் தாண்டலாம்.

'என் அனுபவத்தில்' என்று தொடங்கினாலும் 'இரண்டு நாளில் குணம்' என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. டெங்கி வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை, நீர்ச்சத்தைக் காத்து, ரத்தப் பரிசோதனையைக் கவனித்துத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். பலருக்கு அதோடு நோய் தணியும், சிலருக்கு அபாயக் கட்டம் தொடங்குவதும் அப்போதுதான். சாறு குடித்தவர் காய்ச்சல் விட்டதைப் பார்த்தார், அதில் பொய் இல்லை. சாற்றால்தான் விட்டது என்பதுதான் சிக்கல். அதை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட்டால் கதை வேறு. "அவங்க அவங்க கருத்து" என்று விட்டுவிட முடியாதது இதனால்தான்.

இன்னொரு விஷயம், 'போறாங்களாம்' என்பதன் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஆம்'. 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் குடும்பக் குழுவில் ஒரு குரல் பதிவு: "கடையெல்லாம் மூடப் போறாங்களாம்." அதை ஒருவர் எழுத்தில் போட்டார்: "கடைகளை மூடப் போறாங்க." ராத்திரிக்குள், "நாளை முதல் கடைகள் மூடப்படும்." என் பெரியம்மா நான்கு மூட்டை அரிசி வாங்கினார். கடைசிவரை மளிகைக் கடை மூடவே இல்லை, அரிசியில்தான் வண்டு வைத்தது. யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. கைமாறும்போது 'ஆம்' மட்டும் உதிர்ந்துவிட்டது. 'நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன்' என்பதை ஒரே அசையில் சொல்லும் மொழி நமக்கு இருக்கிறது, அதை உதறிவிட்டுத்தான் பகிர்கிறோம். இப்போது செயலியில் ஒரு பயிற்சியே இதற்காக இருக்கிறது: ஒரே செய்தியின் மூன்று வடிவங்கள், 'ஆம்' எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். டிக்டாக்கில் வளர்ந்த பிள்ளைகள் இதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

'சரிபார்க்கலாம்' என்றால் அடுத்து எங்கே போவது? தீர்ப்பைச் செயலியே சொல்லும்படி செய்யலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு ஏற்கெனவே இடங்கள் இருக்கின்றன. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-ல் தொடங்கிய, செய்திகளைச் சரிபார்க்கும் 'செபெனார்ஞா' தளம் இருக்கிறது. அதே ஆணையம் 2025-ல் கொண்டுவந்த 'ஐஃபா' என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் வாட்சாப்பிலேயே தமிழில் கேட்கலாம். என் செயலி அங்கே கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

நான் எதிர்பார்க்காத தடை வீட்டில் இருந்தது. "யார் சொன்னது?" என்று பாட்டியிடம் கேட்டால் அது கேள்வி இல்லை, வாய்த்துடுக்கு. இரண்டு பிள்ளைகள் திட்டு வாங்கிய பிறகுதான் இது என் மண்டையில் ஏறியது. அப்புறம் பிள்ளைகளையே உட்காரவைத்து, பெரியவர்களிடம் அனுப்பக்கூடிய பதில்களை எழுதவைத்தேன். செயலியில் இப்போது அதிகம் எடுத்து அனுப்பப்படுவது அந்தப் பகுதிதான்.

பப்பாளி வரியைக் கொண்டுவந்த மாணவி தேர்ந்தெடுத்தது இது: "பாட்டி, இதை உங்களுக்கு யாரு அனுப்புனாங்க? அவங்களுக்கு எந்த டாக்டர் சொன்னாருன்னு கேட்டுச் சொல்றீங்களா?" பாட்டி மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காவிடம் கேட்டிருக்கிறார். அவர் தன் மருமகளிடம் கேட்டிருக்கிறார். மருமகள் வேறொரு குழுவில் கேட்டிருக்கிறாராம். இன்னும் பதில் வரவில்லை.