டிரான்சிஸ்டர் மீண்டும் மீண்டும் எரிவது ஏன்?

பழைய வண்ணத் தொலைக்காட்சியில் கிடைவரி வெளியீட்டு டிரான்சிஸ்டரை (திரையில் கிடைவரிகளை வரையும் மின்னோட்டத்தை இயக்கும் டிரான்சிஸ்டரை) இரண்டு முறை மாற்றியும் சில நிமிடங்களில் எரிந்துவிடுகிறதே, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது பழுதாகிவிட்டதா என்று அறிவது எளிது. மின்னிணைப்பைத் துண்டித்து, முதன்மை மின்தேக்கியில் தங்கிய மின்னூட்டத்தை ஒரு மின்தடை வழியாக வடித்த பின், டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டர், பேஸ் என்ற மூன்று முனைகளில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மல்டிமீட்டரை மின்தடை அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டரின் முனைகளை மாற்றி வைத்தாலும் சுழியையே காட்டினால் அது ஷார்ட் ஆகிவிட்டது. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே, டிரான்சிஸ்டரை இயக்கும் துடிப்பைத் தரும் டிரைவர் டிரான்ஸ்பார்மரின் சுருள் இருப்பதால், சுற்றுப்பலகையில் இருக்கும்போது நல்ல டிரான்சிஸ்டரும் அங்கே ஷார்ட் போலவே தோன்றும்.

எரிந்தது எது என்பதைவிட எரித்தது எது என்பதே இங்கே கேள்வி. ஒரு படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள் என்ற முறையில், இந்த டிரான்சிஸ்டர் நொடிக்கு 15,625 முறை திறந்து மூடுகிறது. அதன் வழியே மின்சாரம் பாயும்போது, கலெக்டருடன் இணைந்த ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மரின் (படக்குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்பார்மரின்) சுருளில் காந்த ஆற்றல் சேர்கிறது. சட்டென்று பாதை அடைபட்டதும் அந்த ஆற்றல் போக்கிடம் தேடி, அருகிலுள்ள சிறிய ஃப்ளைபேக் மின்தேக்கிக்குள் பாய்கிறது. ஏறத்தாழ 12 மைக்ரோ நொடிக்குள் மின்னழுத்தம் மலைபோல் எழுந்து, அதே வேகத்தில் இறங்கிவிடுகிறது. நூறு வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்வழங்கலில் இருந்து ஆயிரம் வோல்ட் அளவிலான சிகரம் எழுகிறது. இதை எத்தனை முறை அலைநோக்கியில் (ஆசிலாஸ்கோப்பில்) பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தச் சிகரத்தின் உயரத்தைக் கட்டுப்படுத்துவது அந்த ஃப்ளைபேக் மின்தேக்கியின் கொள்திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன்தான். ஆற்றல் மாறாமல் கொள்திறன் பாதியாகக் குறைந்தால் உச்சம் சுமார் 1.4 மடங்காகும், கால் பங்கானால் இரு மடங்காகும். பல பெட்டிகளில் இருந்த பியு208ஏ வகை டிரான்சிஸ்டரின் எல்லை 1500 வோல்ட். ஆகவே முதுமையால் கொள்திறன் குன்றிய மின்தேக்கியை அப்படியே விட்டுவிட்டு, எத்தனை புதிய டிரான்சிஸ்டர்களைப் பொருத்தினாலும் அவை ஒன்றன்பின் ஒன்றாக மடியும்.

அந்த மின்தேக்கியைக் கழற்றி அளந்து, அதே கொள்திறனும் உயர் மின்னழுத்தத் துடிப்பைத் தாங்கும் தன்மையும் உள்ள பாலிபுரப்பிலீன் வகையைப் பொருத்த வேண்டும். அக்காலப் பெட்டிகள் பலவற்றில் பின்மூடியின் உட்புறத்திலேயே சுற்றுப்படம் ஒட்டியிருக்கும். சரியான மதிப்பை அதில் காணலாம். அந்த நல்ல வழக்கம் மறைந்துபோனது பெரும் இழப்பு என்றே கருதுகிறேன். புதிய டிரான்சிஸ்டரைப் பொருத்தும்போது, அதன் உலோக உறையே கலெக்டர் என்பதால், அதற்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையே மின்சாரம் கடத்தாத, கண்ணாடி போன்ற மைக்காத் தகடு கீறலின்றி இருக்க வேண்டும். பிறகு மின்னிணைப்பில் தொடராக ஓர் இழை பல்பை வைத்து இயக்க வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் மின்னோட்டம் அளவோடு இருக்கிறது, முழு ஒளியில் நின்றுவிட்டால் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மரின் சுருளைச் சோதிக்க வேண்டும்.