ரப்பர் மாதிரி இருக்கும், ஆனால் ரப்பர் இல்லை

வெந்நீர்க் குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கப் போட்டிருந்த ஒரு வளையம் என் மேசைக்கு வந்தது. புதிதாக இருந்தபோது உருண்டு திரண்டிருந்தது. நான்கு மாதத்தில் பட்டையாகிவிட்டது. விரலால் அமுக்கினால் இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது, ஆனால் பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை. "மட்டமான சரக்கு" என்று வாடிக்கையாளருக்குக் கோபம். சரக்கு நல்ல சரக்குதான், போட்ட இடம்தான் தப்பு. ரப்பர் மாதிரிதானே இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள்.

அது எஸ்இபிஎஸ் கலவை. ஸ்டைரீன் வகை தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர்களில், அதாவது ரப்பர் போல இழுபட்டு பிளாஸ்டிக் போல உருகும் பொருள்களில், ஒன்று. இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று துண்டாக இருக்கும்: நடுவில் இழுபடும் ரப்பர் சங்கிலி, இரண்டு முனையிலும் கெட்டியான பாலிஸ்டைரீன். முனைகள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு, சில பத்து நானோமீட்டர் அளவுக்குக் குட்டிக் குட்டி முடிச்சுகளாகத் திரண்டுவிடும். சாதாரண ரப்பரில் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கக் கந்தகம் செய்யும் வேலையை இங்கே அந்த முடிச்சுகள் செய்கின்றன. ஒரே வித்தியாசம், கந்தகப் பிணைப்பு போட்டால் போட்டதுதான். பாலிஸ்டைரீன் முடிச்சோ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகிவிடும், ஆறினால் மறுபடி இறுகும்.

அதனால்தான் இதைப் பிளாஸ்டிக் போல உருக்கி அச்சில் அடிக்க முடிகிறது, கழிவை அரைத்து மறுபடி போட முடிகிறது. அதே காரணத்தால்தான் அந்த வளையமும் பட்டையானது. முடிச்சு முழுதாக அவிழ 100 டிகிரி வேண்டும், ஆனால் மெதுவாக நழுவ அவ்வளவு சூடு வேண்டியதில்லை. 70 டிகிரியில் நாள்கணக்காக அழுத்தம் இருந்தாலே போதும். விவரத்தாளில் எல்லோரும் ஷோர் ஏ என்ற கடினத்தன்மை அளவை மட்டும் பார்க்கிறார்கள். சீலுக்கு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது 'கம்ப்ரஷன் செட்' என்ற வரியை. அழுத்தி விட்ட பிறகு எவ்வளவு தூரம் பழைய உருவத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடும் என்பதை அது சொல்லும். அதையும் எத்தனை டிகிரியில் எடுத்தது என்று பாருங்கள். 23 டிகிரியில் எடுத்த எண் அழகாகத்தான் இருக்கும்.

குடும்பத்தில் மூத்தது எஸ்பிஎஸ். 1960களில் ஷெல் நிறுவனம் கிராட்டான் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நடுத்துண்டு பியூட்டடையீன். விலை குறைவு, பிடிமானம் நல்லது, அதனால் செருப்பு அடிப்பாகத்துக்குப் போகிறது. சாலை போடும் பிட்டுமனில் சில சதவீதம் கலந்தால் வெயிலில் தடம் பதிவதும் குளிரில் வெடிப்பதும் குறையும். ஆனால் நடுத்துண்டில் இரட்டைப் பிணைப்புகள் மிச்சமிருப்பதால் வெயிலும் ஓசோனும் அதைத் தின்றுவிடும்.

அடுத்தது எஸ்ஐஎஸ், இதில் நடுத்துண்டு ஐசோப்ரீன். இது பசைக்காரர்களின் சரக்கு. ஒட்டுநாடா, லேபிள் என்று போகும். இயந்திரத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அதிகச் சூட்டில் எஸ்பிஎஸ் குறுக்குப் பிணைப்பு போட்டுக் கட்டிதட்டும், எஸ்ஐஎஸ் சங்கிலி அறுந்து நீர்த்துப்போகும். இரண்டுக்கும் கெடுதி ஒன்றுதான், அடையாளம் நேர் எதிர்.

எஸ்பிஎஸ்ஸின் இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜன் ஏற்றி மூடிவிட்டால் எஸ்இபிஎஸ். வெயிலையும் ஓசோனையும் தாங்கும், சூட்டையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பல் துலக்கி, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடிகளில் விரலுக்கு மெத்தென்று படும் பகுதி பெரும்பாலும் இதுதான். மருத்துவக் குழாய்களிலும் உண்டு. ஆனால் 'எஸ்இபிஎஸ்' என்று மூட்டையில் வரும் குருணை அநேகமாகத் தனி எஸ்இபிஎஸ் இல்லை. வெள்ளை எண்ணெய், பாலிப்ரொப்பிலீன், சுண்ணத்தூள் எல்லாம் சேர்ந்த கலவை. எஸ்இபிஎஸ் தன் எடைக்கு மேலேயே எண்ணெய் குடிக்கும். மென்மை வருவதே அதில்தான். தரமில்லாத கலவையில் அந்த எண்ணெய் மெல்ல வெளியே கசியும். கைப்பிடி பிசுபிசுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு தப்பும் அடிக்கடி கண்ணில் படுகிறது. பாலிப்ரொப்பிலீன் மேல் நன்றாக ஒட்டிய அதே கிரேடை நைலான் மேல் அடிப்பது. அன்றைக்கு ஒட்டினது போலத் தெரியும், அப்புறம் தோல் உரிவது போல முழுதாகக் கழன்று வரும். நைலானுக்கும் பாலிகார்பனேட்டுக்கும் தனி கிரேடுகள் இருக்கின்றன, கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோல், கிரீஸ் படும் இடத்துக்கு இந்தக் குடும்பத்தையே கூப்பிடாதீர்கள். ஊதிப்போகும். அங்கே நைட்ரைல் ரப்பர்தான்.

கையில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால், சூடான சால்டரிங் முனையால் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பேன், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. உருகி, முனையை எடுக்கும்போது நூலாக இழுத்தால் தெர்மோபிளாஸ்டிக். உருகாமல் கருகி, கந்தக வாடை வந்தால் வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் போட்டு இறுக்கிய, ரப்பர். இது எஸ்பிஎஸ்ஸா எஸ்இபிஎஸ்ஸா என்று சொல்லாது, ஆனால் கோபமாக வந்தவரிடம் காட்ட இதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

பட்டையான வளையத்தையும் அப்படித்தான் தொட்டுக் காட்டினேன். நூல் இழுத்தது. வெந்நீர் இணைப்புக்கு, சூட்டைத் தாங்கும் இபிடிஎம் என்ற ரப்பர் வளையத்துக்கு மாறினார்கள். மிச்சமிருந்த குருணை வீணாகவில்லை, அதே குழாயின் திருகுப்பிடிக்கு உறையாக அடித்துக்கொண்டார்கள்.