பனிக்கு ஒரு சராசரி: தலைகுந்தா முதல் பாஸ்டன் வரை

டிசம்பர் பிற்பாதியில் ஊட்டிக்கு அருகேயுள்ள தலைகுந்தா புல்வெளி ஒரே இரவில் வெளுத்துவிட்டால், மறுநாள் செய்திகளில் அது 'குட்டிக் காஷ்மீர்' ஆகிவிடுகிறது. 'ஊட்டியில் பனிப்பொழிவு' என்றும் தலைப்பிடுகிறார்கள். உண்மையில் அங்கே வானிலிருந்து எதுவும் பொழிவதில்லை. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை இழந்து குளிர, கனத்த குளிர்காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்க, காற்றிலுள்ள ஈரம் புல்நுனியிலும் வெளியே நிறுத்திய பைக்கின் இருக்கையிலும் படிகமாக உறைகிறது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும் இந்த உறைபனியைச் சென்டிமீட்டரில் அளப்பதில் பொருளில்லை. எத்தனை நாள் விழுந்தது என்று எண்ணலாம், அவ்வளவுதான்.

அந்த எண்ணிக்கையும் எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. வானிலை நிலையத்தின் வெப்பமானி, காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள் தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் இருக்கிறது. அது 3 டிகிரி காட்டும் காலையிலும் புல்மட்டத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியிருக்கக்கூடும். பள்ளத்தில் இருக்கும் தேயிலைச் செடிகளைத் தாகை என்னும் செடிகளைப் போட்டு மூடிவைக்கும் விவசாயியின் கணக்கும் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியின் கணக்கும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

மெய்யாகவே பனி பொழியும் நகரங்களிலும் அளவீடு இதே போன்ற ஒப்பந்தங்களின் மேல்தான் நிற்கிறது. அமெரிக்காவில் ஒரு வெள்ளைப் பலகையில் விழுந்த பனியை அளவுகோலால் அளந்து, பலகையைத் துடைத்து, மீண்டும் வைக்கிறார்கள். பனி தன் எடையிலேயே அமுங்கும் பொருளாகையால், மணிக்கொரு முறை அளந்து கூட்டினால் வரும் தொகை, நாளுக்கு ஒரு முறை அளந்தால் வருவதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆகவே ஆறு மணி நேரத்துக்குள் ஒரு முறைக்கு மேல் துடைக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். பருவக் கணக்கும் ஜனவரியில் தொடங்குவதில்லை. ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை ஓடுகிறது. நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும் நீலகிரியின் உறைபனிக்கும் அதுவே பொருந்தும். நாட்காட்டி ஆண்டின்படி எண்ணினால், இரு வேறு குளிர்காலங்களின் பாதிகளை ஒட்டவைத்ததாகிவிடும்.

இப்படிச் சேர்ந்த பருவத் தொகைகளை முப்பது ஆண்டுகளுக்குச் சராசரி எடுப்பது உலக வானிலை அமைப்பின் வழக்கம். பத்தாண்டுக்கு ஒரு முறை அந்தச் சாளரம் நகர்கிறது: 1981-2010 போய், இப்போது 1991-2020 நடப்பில் இருக்கிறது. புதிய கணக்கின்படி, ஒரே நியூயார்க் மாநிலத்தில் பஃபலோவுக்குப் பருவத்துக்குச் சுமார் 242 செ.மீ. பனியும், சிரக்யூஸுக்குச் சுமார் 325 செ.மீ. பனியும் சராசரி. பஃபலோவுக்குப் பனி தரும் ஈரி ஏரி ஆழம் குறைந்தது. கடுங்குளிரில் அதன் மேற்பரப்பு உறைந்து, மேலே செல்லும் காற்றுக்கு ஈரம் கிடைக்காமல் போகிறது. சிரக்யூஸுக்குப் பனி தரும் ஒன்டாரியோ ஏரியோ ஆழமானது. முழுதாக உறைவது அரிது.

சாளரம் நகரும்போது என்ன நடக்கிறது என்பதைப் பாஸ்டன் நன்றாகக் காட்டுகிறது. அதன் சராசரி சுமார் 111 செ.மீ.-இலிருந்து 125 செ.மீ. ஆக உயர்ந்தது. முப்பதில் இருபது ஆண்டுகள் இரண்டு கணக்குகளுக்கும் பொதுவானவை. எனவே இந்த 14 செ.மீ. உயர்வுக்கு, வெளியேறிய 1980-களைவிட உள்ளே வந்த 2010-களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 42 செ.மீ. கூடுதலாகப் பனி பெய்திருக்க வேண்டும். ஆனால் 2014-15 என்ற ஒரே பருவத்தில் அங்கே 281 செ.மீ. கொட்டியது. சராசரிக்கு மேற்பட்ட அந்த 156 செ.மீ.-ஐ முப்பதால் வகுத்தால் 5 செ.மீ.-க்குச் சற்று மேல் வருகிறது: உயர்வில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானது ஒரே குளிர்காலத்தின் கொடை. இதைப் பார்த்துப் 'பாஸ்டனில் பனி பெருகிவருகிறது' என்று முடிவுகட்டுவது அவசரம் என்பேன்.

நம் மழைக்கணக்கிலும் இதே விளையாட்டு நடக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஐம்பது ஆண்டுச் சாளரத்தை 1971-2020 என நகர்த்தியபோது, நாட்டின் தென்மேற்குப் பருவமழைச் சராசரி 880.6 மி.மீ.-இலிருந்து 868.6 மி.மீ. ஆக இறங்கியது. ஆகவே 875 மி.மீ. பெய்யும் ஓர் ஆண்டு, பழைய கோலில் சராசரிக்குக் குறைவு, புதிய கோலில் அதிகம். மழை அதே மழைதான்.

நீலகிரிக்குள்ளேயே ஊர்களை ஒப்பிடுவதானால் பருவத்தையும் கவனிக்க வேண்டும். தேவாலாவிலும் பந்தலூரிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலையில், மலையின் மழைமறைவுப் பக்கமான கோத்தகிரிக்குச் சிறு பங்கே வருகிறது. வடகிழக்குப் பருவத்தில் குன்னூரும் கோத்தகிரியும் முந்திக்கொள்கின்றன. ஜூன்-செப்டம்பர் சராசரியை மட்டும் வைத்துக் கிழக்குச் சரிவை வறண்டது என்பவர் பாதி ஆண்டைத்தான் பார்த்திருக்கிறார்.

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் மழை பதிவானது. அந்த ஒரு நாள் மட்டுமே முப்பது ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 27 மி.மீ.-ஐ ஏற்றிவைக்கிறது. 2001-2030 கணக்கிலும் 2011-2040 கணக்கிலும் அது உள்ளேயே இருக்கும். 2021-2050 சாளரம் திறக்கும்போதுதான் வெளியேறும். அன்று அவலாஞ்சியின் சராசரி இறங்கியிருந்தால், அதில் 27 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.