கோவையில் மேகம், குன்னூரில் மூடுபனி

காலை ஒன்பது மணி. கோவை விமான நிலையத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஊட்டி தீட்டுக்கல் ஹெலிபேடில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட வேண்டும். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "என்னங்க கேப்டன், வானம் பளிச்சுனு இருக்குது. இன்னும் யார்கிட்ட போன் பேசிட்டு இருக்கீங்க?"

குன்னூருக்குப் பக்கத்தில், காட்டேரிப் பக்கம் ஒரு எஸ்டேட் வாட்ச்மேனிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். "அண்ணா, எதிர்ச்சரிவுல சில்வர் ஓக் வரிசை தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க சார்... இருங்க. இப்ப தெரியல. மஞ்சு ஏறிட்டு இருக்குதுங்க."

அன்று கிளம்பவில்லை. பெரியவர் கோபமாகக் காரில் ஏறிப் போனார். மதியம் ஊட்டியில் நல்ல வெயில் என்று ஆள் மூலம் சொல்லியும் அனுப்பினார். இருந்திருக்கும். ஊட்டி வெயிலைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்டது நடுவில் இருக்கிற பள்ளத்தாக்கைப் பற்றி.

ஹெலிகாப்டர் ஓட்டுவதும், மற்றவர்களுக்குக் கருவிப் பறத்தல் கற்றுக்கொடுப்பதுமாக என் பிழைப்பு போகிறது. புதிதாக வருகிற பைலட்டுகளிடம் முதலில் போடச் சொல்வது ஒரு சின்னக் கூட்டல் கணக்கு. காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளியில் ஒவ்வொரு டிகிரிக்கும் தரையிலிருந்து சுமார் 400 அடி வீதம் உயரத்தில் மேகத்தின் அடிப்பகுதி உருவாகும். தோராயக் கணக்குதான், ஆனாலும் ரொம்பப் பிசகாது. கோவை மெட்டாரில், அதாவது விமான நிலைய வானிலை அறிக்கையில், 27/20 என்று இருந்தால் வெப்பநிலை 27, பனிநிலை 20, இடைவெளி 7. ஏழு நானூறு 2,800. விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி. ஆக மேகம் 4,100 அடியில். மலை ரயிலில் போனவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: ஹில்குரோவ் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் மேலே. குன்னூர் இருப்பதோ சுமார் 6,000 அடியில். கோவையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் பஞ்சு பஞ்சாக அழகான மேகம். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கு அதே மேகம் மூடுபனி.

இரண்டுமே பொய்யில்லை. கோவையின் அறிக்கை கோவைக்கு மட்டும் பேசுகிறது, அவ்வளவுதான். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, சமவெளியின் ஈரக்காற்று பள்ளத்தாக்கு வழியே மேலே ஏறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்கிலிருந்து தள்ளும்போது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இன்னும் மோசம். ஜூன், ஜூலையில் கதை மாறி, கூடலூர்ப் பக்கம் அடைத்துக்கொள்ளும். கொடைக்கானலுக்கும் இதே கணக்குதான். மதுரை விமான நிலையம் 500 அடிக்கும் கீழே, கொடை சுமார் 7,000 அடியில். அங்கே ஏமாற இடம் இன்னும் அதிகம்.

சரி, விதி என்ன சொல்கிறது? கண்ணால் பார்த்துப் பறப்பது விஎஃப்ஆர். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 5 கிலோமீட்டர் பார்வைத்தூரம் வேண்டும். மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி தள்ளியிருக்க வேண்டும். இது இல்லையென்றால் ஐஎஃப்ஆர், அதாவது கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது. அதற்கு விமானத்துக்கும் தகுதி வேண்டும், பைலட்டுக்கும் நடப்பில் உள்ள கருவித் தகுதி வேண்டும். மலைப்பகுதியில், இருக்கும் இடத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் உள்ள மிக உயரமான தடைக்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டும். தொட்டபெட்டா 8,652 அடி. 2,000 சேர்த்தால் 10,652. ஆக, அதைச் சுற்றிக் கருவியில் பறக்கிறவனுக்கு 11,000 அடிக்குக் கீழே வேலையில்லை.

இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "மேகம் வந்தா என்ன சார், ஐஎஃப்ஆருக்கு மாறிக்கலாம்" என்று என் வகுப்பிலேயே சொல்கிறார்கள். மாறி எங்கே போவது? குன்னூர் பக்கத்து வெலிங்டனிலோ தீட்டுக்கல்லிலோ மேகத்துக்குள்ளிருந்து உங்களை ஹெலிபேடுக்கு இறக்கிவிடும் கருவி வசதி கிடையாது. கருவி உங்களை 11,000 அடிக்கு ஏற்றும், கோவைக்குத் திருப்பிக் கொண்டுவரும். குன்னூரில் இறக்காது.

ஏறுவதாவது எளிதா? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில், பர்லியார் பக்கம் 5,000 அடியில் மேகம் மூடுகிறது என்று வையுங்கள். இன்னும் 6,000 அடி ஏற வேண்டும். நிமிடத்துக்கு 1,000 அடி என்றால் ஆறு நிமிடம். 80 நாட் (மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர்) வேகத்தில் அதற்குள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் முன்னால் போயிருப்பீர்கள். பர்லியாரிலிருந்து குன்னூர் நேர்கோட்டில் அதில் பாதிகூட இல்லை. முன்னால் ஏறினால் மலைக்குள்தான் ஏறுவீர்கள். அதனால் எந்தப் பக்கம் திரும்பி ஏறுவது என்பதைக் கோவையில், என்ஜினைக் கிளப்பும் முன்பே, வரைபடத்தை விரித்து முடிவு செய்திருக்க வேண்டும். கோவைக்கு நேர்கோடு போட்டாலும் போதாது. குன்னூருக்குத் தென்கிழக்கே ட்ரூக் முகடு நிற்கிறது.

எனக்கும் ஒருமுறை நடந்தது. தப்பு என்னுடையதுதான். மேகத்துக்குக் கீழே ஒரு சந்து தெரிந்தது, அதன் வழியே எதிர்ப்புறத் தேயிலைச் சரிவும் தெரிந்தது, நுழைந்தேன். சந்து மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியது போல் ஆகிவிட்டது. இடது பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறேன் என்று உடம்பு சத்தியம் செய்தது. செயற்கைத் தொடுவானக் கருவியோ நேராக இருக்கிறாய் என்றது. கை தானாக வலது பக்கம் போகப் பார்த்தது. பக்கத்திலிருந்த இளம் பைலட் மட்டும் கருவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "லெவல் சார், வேகம் எழுபது, ஏறுது சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே வர நாற்பது நொடி ஆனது என்று பிறகு அவர்தான் சொன்னார். எனக்கு அது நாற்பது நொடி போல் இல்லை.

இதில் வீரத்துக்கு வேலையில்லை, காதின் அமைப்பு அப்படி. உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம், நொடிக்கு இரண்டு டிகிரிக்கும் குறைவான சுழற்சியை உணராது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தாலும் சிறிது நேரத்தில் நேராகப் போவதாகவே சொல்லும். 1954-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைச் செயற்கையாக உண்டாக்கிய மேகச் சூழலில் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடியில்.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்ஐ-17 ஹெலிகாப்டர் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததில் ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். அவர்களில் குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடிப் பிறகு மறைந்தார். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து, பைலட்டுக்குத் திசையுணர்வு குழம்பி, நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர் தரையில் மோதியது என்று விமானப்படை 2022 ஜனவரியில் சொன்னது. அந்தக் குழுவினரின் அனுபவத்தின் முன் நானெல்லாம் மாணவன். அவர்களுக்கே அப்படி என்றால் என் சந்துக் கதையை நினைத்து இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது.

கிளம்பும் முன் நான் பார்ப்பவற்றைச் சொல்கிறேன். மெட்டார், டாஃப் (வானிலை முன்னறிவிப்பு), நோட்டம் (பைலட்டுகளுக்கான அறிவிப்பு) எல்லாரும் பார்ப்பார்கள். பறத்தல் திட்டம், வான்பாதுகாப்பு அனுமதிக்கான ஏடிசி எண், பறத்தல் தகவல் மையம் தரும் எஃப்ஐசி எண் இவை காகித வேலை. இல்லாமல் கிளம்ப முடியாது என்பதால் யாரும் மறப்பதில்லை. மறப்பது சின்ன விஷயங்களை. வேகத்தை அளக்கக் காற்றை வாங்கும் பிட்டோ குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், இரண்டு நாள் வெளியே நின்றால் போதும். அது அடைத்தால் வேகமானி பொய் சொல்லும். கியூஎன்ஹெச் (கடல்மட்டக் காற்றழுத்த அளவு) வைத்ததும் அல்டிமீட்டர், அதாவது உயரமானி, கோவையின் உயரத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஜிபிஎஸ் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறும். காலாவதியானதை வைத்துக்கொண்டு மேகத்துக்குள் போகாதீர்கள். எரிபொருளில் கோவைக்குத் திரும்புவதை மட்டும் கணக்கு வைக்காமல், கோவையும் மழையில் அடைத்தால் திருச்சிக்கோ வேறெங்கோ போய், அதன் பிறகும் 30 நிமிடம் வட்டமடிக்கக் கையிருப்பு வையுங்கள். மாற்று நிலையமாக அதே மழைக்குள் இருக்கிற ஊரை எழுதுகிறவர்களும் உண்டு!

பயணிகளுக்கு ஒரு வார்த்தை. கல்யாணம், பூமி பூஜை, தேர்தல் கூட்டம் என்று எதற்கு வேண்டுமானாலும் ஹெலிகாப்டர் பிடியுங்கள். ஆனால் கீழே ஒரு காரையும் டிரைவரோடு நிறுத்தி வையுங்கள். கார் நிற்கிறது என்று தெரிந்தால் பைலட்டுக்கு "முடியாது" என்று சொல்வது பாதி எளிதாகிவிடும். "போன வாரம் வேற கம்பெனி பைலட் போனாரே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒருமுறை அதைக் கேட்டபிறகுதான் அந்தச் சந்துக்குள் நுழைந்தேன்.

இப்போது தொடையில் கட்டும் பலகையில், பறக்கும் முன்பே நான்கு வரி எழுதிக்கொள்கிறேன்: திரும்பும் பக்கம், ஏற வேண்டிய உயரம், கோவை அப்ரோச் அலைவரிசை, பாதியிலிருந்து திரும்பும் இடம். கடைசி வரிக்கு எப்போதும் பர்லியார்தான். அங்கிருந்து குன்னூர்ச் சரிவு முழுசாகத் தெரியவில்லை என்றால், பக்கத்து சீட்டில் இருப்பவர் "திரும்பலாம் சார்" என்று சொல்ல வேண்டும். நான் ஏன் என்று கேட்கக் கூடாது. இது கிளம்பும் முன் நாங்கள் இரண்டு பேரும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அப்புறம், அந்த வாட்ச்மேன் அண்ணாவுக்கு ஒரு போன்.